வெற்றுருண்டை ஆக்சைடு கேஸ் சென்சார்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

உள்ளே வெறுமையான ஆக்சைடு உருண்டைகளின் பொடி அருமையாக வந்திருக்கும். டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் ஒவ்வொரு உருண்டைக்கும் விளிம்பு கறுத்து, நடு வெளிறி, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்தவுடனே தெரியும். அதைப் பேஸ்டாக்கி, மின்முனை மேல் தடவி, சூடேற்றி, எத்தனாலைக் காட்டினால் சென்சார் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உடனே கை மறுபடி ஆட்டோகிளேவ் (பொடியை வளர்க்கும் அழுத்தக் கலன்) பக்கம் போகும். புது உப்பு, புது வெப்பநிலை, புது டோப்பிங் (வேற்றுத் தனிமம் கலப்பது) என்று இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வேலையில் கதை தலைகீழ். பெரும்பாலும் கூடம்தான் கோணல், பழி மட்டும் ஆடுகிறவள் தலையில். அதனால் கீழே பொடியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஹீட்டர், வாயு, அறை, பூச்சு எல்லாவற்றையும் விசாரித்த பிறகு அதனிடம் போகலாம்.

அதற்கு முன் அடிப்படை ஒன்று. டின் ஆக்சைடு போன்ற என்-வகை (எலக்ட்ரானே மின்னோட்டத்தைச் சுமக்கும்) ஆக்சைடின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. மேலடுக்கு எலக்ட்ரான் வற்றிப்போக, மின்தடை ஏறுகிறது. எத்தனால், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் மாதிரி ஒடுக்கும் வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான் திரும்பி வருகிறது, மின்தடை இறங்குகிறது. மின்தடை எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைத்தான் கீழே "பதில்" என்கிறேன். டின் ஆக்சைடில் அந்த வற்றிய அடுக்கின் ஆழம் வேலை செய்யும் சூட்டில் ஏறத்தாழ 3 நானோமீட்டர்தான். படிகத்துகள் 6 நானோமீட்டரை நெருங்கினால் உணர்திறன் எகிறுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் யமாசோயேவும் கூட்டாளிகளும் 1991இல் காட்டினார்கள். அப்படியென்றால் வெறும் நானோ துகளே போதாதா? போதாது. துகள்கள் ஒன்றோடொன்று அப்பிக் கட்டியாகிவிடும், வாயு நடுவுக்குப் போகாது. வெற்றுருண்டையின் லாபம் அங்கேதான்: ஓடு மெல்லியது, சுவரில் துளை இருந்தால் இரண்டு பக்கமும் காற்றுப் படும், உருண்டைக்கும் உருண்டைக்கும் இடையே நிறைய சந்து. "துளை இருந்தால்" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

மீட்டரில் எதுவுமே காட்டவில்லை

அறை வெப்பநிலையில் ஜிகா ஓம் காட்டினால் அது கோளாறே இல்லை. மெல்லிய ஓடு முழுக்க வற்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். 300 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் திறந்த சுற்று மாதிரி இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மின்னழுத்தப் பகுப்பானில் (சென்சாரோடு ஒரு சுமைத் தடையைத் தொடராக மாட்டி, அதில் விழும் மின்னழுத்தத்தைப் பார்ப்பது) அளக்கிறீர்களா? சென்சார் 50 மெகா ஓம், சுமைத் தடை 10 கிலோ ஓம் என்றால், 5 வோல்ட் கொடுத்தாலும் சுமையில் விழுவது 1 மில்லிவோல்ட். அது இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். சுமைத் தடையைச் சென்சாரின் மின்தடைக்கு நெருக்கமாக மாற்றினால் "செத்த" சென்சார் பல நேரம் உயிரோடு எழுந்து உட்காரும்.

அதுவும் இல்லையென்றால் பூச்சைப் பாருங்கள். இதற்கு எஸ்இஎம் (வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கி) வேண்டாம், சாதாரண ஒளி நுண்ணோக்கி போதும். காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்திருந்தால் மின்னோட்டம் போக வழியில்லை. பூச்சு வெடிக்காமல் இருந்தும் தடை மிக அதிகம் என்றால், உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன, பிணையவில்லை. குவித்து வைத்த பட்டாணியைப் போலத்தான், தொடுபுள்ளிகள் மிகச் சிறியவை. பூசிய பிறகு 400 முதல் 500 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சுட்டால் அந்தப் புள்ளிகளில் சிறு கழுத்து உருவாகும். பேஸ்ட்டில் பிசினாகச் சேர்த்த எத்தில் செல்லுலோஸும் அதே சூட்டில் எரிந்து போகும்.

எதிர் கோளாறும் உண்டு. மின்தடை தெரிகிறது, ஆனால் சூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் நகரவே மாட்டேன் என்கிறது. அப்போது நீங்கள் அளப்பது ஆக்சைடை இல்லை. சால்டர் ஃப்ளக்ஸ், விரல் அழுக்கு, ஈரம் படிந்த இணைப்பான் எதன் வழியாகவோ கசிவு போகிறது. பொடி பூசாத வெறும் தட்டு ஒன்றை அதே இடத்தில் மாட்டி அளந்தால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

உச்ச வெப்பநிலை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறது

பதில் மிக அதிகமாக வரும் வெப்பநிலைதான் உச்சம். போன வாரம் 250 டிகிரியில் வந்த உச்சம் இந்த வாரம் 280இல் வருகிறது என்றால், பொருள் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் "250" மாறியிருக்கிறது.

பிளாட்டினம் ஹீட்டரின் தடையை வைத்தே வெப்பநிலையைக் கணக்கிடுகிறவர்கள் கம்பியை மறந்துவிடுகிறார்கள். பூஜ்ஜிய டிகிரியில் 10 ஓம் உள்ள சுத்தமான பிளாட்டினம் 300 டிகிரியில் ஏறத்தாழ 21.2 ஓம் ஆகும். இணைப்புக் கம்பியும் கிளிப்பும் சேர்ந்து 1 ஓம் கூட்டினால், கணக்கில் கிட்டத்தட்ட 27 டிகிரி அதிகமாகத் தெரியும். நான்கு கம்பி முறையில் அளந்தால் அந்தத் தொல்லை போய்விடும். இன்னொன்று: அச்சடித்த தடித்த பிளாட்டினப் பூச்சின் வெப்பக் குணகம் சுத்தமான கம்பியின் குணகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அட்டவணையை நம்பாமல் உங்கள் தட்டை ஓர் உலைக்குள் வைத்து, தெர்மோகப்பிளை ஒட்டி, நான்கைந்து வெப்பநிலையில் நீங்களே அளவுகோல் போட்டுக்கொள்ளுங்கள்.

நிக்கல்-குரோமியச் சுருளைப் பீங்கான் குழாய்க்குள் செருகும் வகை என்றால், சுருள் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலே குழாயின் ஒரு முனை இன்னொன்றைவிடச் சூடாக இருக்கும். வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டரிலிருந்து 500க்கு ஏற்றினாலும் பூச்சின் மேல்பக்கம் குளிரும். எல்லா அளவுகளும் ஒரே ஓட்டத்தில் எடுக்கப்படவில்லை என்றால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அடிக்கோடு நிற்காமல் நகர்கிறது

வாயு எதுவும் விடாதபோது காட்டும் மின்தடைதான் அடிக்கோடு. புது சென்சார் என்றால் பொறுமைதான் மருந்து. வேலை செய்யும் வெப்பநிலையிலோ அதைவிடச் சற்று மேலேயோ சில நாள் ஓடவிட்டு, அப்புறம் அளக்கத் தொடங்குங்கள். முதல் நாள் வரைபடத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு வாரம் ஆகியும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால், பொடியைச் சுட்ட வெப்பநிலையையும் இயக்கும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 400 டிகிரியில் சுட்ட பொடியை 380இல் இயக்கினால், சென்சாருக்குள்ளேயே துகள் மெதுவாகப் பருக்கும். நான் குறைந்தது 100 டிகிரி இடைவெளி விடுவேன்.

காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் ஈரம். சில நிமிட இடைவெளியில் ஒரே தாளத்தில் ஆடினால் ஹீட்டரின் மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். மின்முனையில் வெள்ளிப் பேஸ்ட் போட்டிருக்கிறீர்கள் என்றால் மேலே தேடவே வேண்டாம். சூடும் மின்புலமும் சேர்ந்தால் வெள்ளி இடம்பெயர்ந்து ஆக்சைடுக்குள் நுழையும். தங்கமோ பிளாட்டினமோதான் சரி.

எந்த வாயு விட்டாலும் ஒரே மாதிரி பதில்

எல்லா வாயுவுக்கும் மின்தடை கொஞ்சம் இறங்குகிறது, அளவைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. கோடு நேராகக்கூட வரும். அழகாகத்தான் இருக்கும், ஏமாற்றும்.

சிலிண்டரின் லேபிளைப் படியுங்கள். 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) கார்பன் மோனாக்சைடு, மீதி நைட்ரஜன் என்று இருக்கிறதா? அதைக் காற்றோடு கலந்து 100 பிபிஎம் ஆக்கினால், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த சிலிண்டர் வாயு. ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 18.8க்கு இறங்கிவிட்டது. ஆக்சிஜன் குறைந்தாலே என்-வகை ஆக்சைடின் மின்தடை இறங்கும். நீங்கள் அளந்ததில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, ஒரு பங்கு வெறும் ஆக்சிஜன் பஞ்சம். 200 பிபிஎம், 300 பிபிஎம் என்று ஏற ஏற இந்தப் பொய்யும் கூடவே ஏறும், அதனால்தான் கோடு நேராக வருகிறது.

சோதனை சுலபம். அதே ஓட்டத்தில் வெறும் நைட்ரஜனை மட்டும் விட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அது உங்கள் பூஜ்ஜியம். நிரந்தரத் தீர்வு, நைட்ரஜனுக்குப் பதில் மீதியைக் காற்றாக நிரப்பிய சிலிண்டர். எரியும் வாயுவில் அது முடியாதபோது ஆக்சிஜனைத் தனியாகச் சேர்த்து அளவைச் சமன் செய்ய வேண்டும்.

ஈரத்திலும் இதே கதை. 25 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் நீராவி ஏறத்தாழ 15,600 பிபிஎம். நீங்கள் தேடுவது 10 பிபிஎம் அசிட்டோன். காய்ந்த சிலிண்டர் வாயுவை ஈரக் காற்றோடு கலந்தால், அசிட்டோன் வரும் முன்பே நீராவி ஆயிரக்கணக்கில் குறைந்திருக்கும். சென்சார் எதற்குப் பதில் சொல்லும்?

பதில் மந்தம், மீள்வதும் மந்தம்

சென்சாரைத் திட்டும் முன் அறையின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 1 லிட்டர் அறை, நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் என்றால் 5 நிமிடம். நன்றாகக் கலக்கும் அறையில் வாயு 90 சதவீதத்தை எட்ட அதைப்போல் 2.3 மடங்கு, அதாவது ஏறத்தாழ பதினொன்றரை நிமிடம் ஆகும். அந்த அறையில் எந்தச் சென்சாரை வைத்தாலும் "மறுவினை நேரம் 11 நிமிடம்" என்றுதான் வரும். அதே ஓட்டத்தில் 20 மில்லிலிட்டர் அறை என்றால் 14 வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். விநாடிக்குள் வேகம் என்று எழுதப் போகிறவர்கள் அதையும்கூடக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அறை சின்னது, அப்படியும் மந்தம் என்றால் குழாய். அமோனியா போன்றவை குழாய்ச் சுவரில் ஒட்டி ஒட்டி மெதுவாகத்தான் வரும். டெஃப்லான் குழாய், குட்டையான நீளம், முடிந்தால் லேசான சூடு.

இதெல்லாம் சரி என்றால்தான் பொருளுக்கு வருவோம். பதில் வருவது வேகம், மீள்வது மட்டும் மந்தம் என்றால் வெப்பநிலை போதவில்லை, ஒட்டியது விலக மாட்டேன் என்கிறது. 30 டிகிரி ஏற்றுங்கள். பதில் கொஞ்சம் குறையலாம், மீட்சி சரியாகிவிடும். இரண்டும் மந்தம் என்றால் பூச்சின் தடிமனையும் ஓட்டின் துளையையும் பாருங்கள். காற்றில் மூலக்கூறின் சராசரி மோதா வழி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 68 நானோமீட்டர். ஓட்டுத் துளை அதைவிட மிகச் சிறியது. அங்கே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகம், அதுதான் நட்சன் பரவல். துளையின் விட்டம் பாதியானால் பரவும் திறனும் பாதி. எடை கூடிய மூலக்கூறு மெதுவாகப் போகும்: ஹைட்ரஜன் எத்தனாலைவிட ஏறத்தாழ 4.8 மடங்கு வேகம்.

இதை வைத்தே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஹைட்ரஜனுக்குச் சுறுசுறுப்பாகவும் எத்தனாலுக்கு மந்தமாகவும் இருந்தால் துளை மேல் சந்தேகம். இரண்டுக்கும் ஒரே மந்தம் என்றால் மறுபடி அறைக்கே திரும்புங்கள். இரண்டும் மேற்பரப்பில் வினைபுரியும் விதம் வேறு என்பதால் இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

பதில் மிகக் குறைவு

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். முதலில் வெப்பநிலையை 150இலிருந்து 400 வரை 25 டிகிரி படிகளில் முழுக்க ஓட்டுங்கள். மணி வடிவம் வரும். கீழே வினை மந்தம். மேலே போனால் வாயு பூச்சின் வெளிப்பக்கத்திலேயே எரிந்துவிடும், உள்ளே இருக்கும் உருண்டைகளுக்கு எட்டாது. வேறொருவர் 200 டிகிரியில் அளந்தார் என்று நீங்களும் அங்கேயே அளந்தால் உங்கள் உச்சத்தைத் தவற விடுவீர்கள்.

அடுத்து நான் கேட்கும் கேள்வி இது: படம் எடுத்த உருண்டையும் அளந்த உருண்டையும் ஒன்றுதானா?

நான் இதைக் கற்றுக்கொண்டது அசட்டுத்தனமாகத்தான். ஒரு முழுத் தொகுதி சென்சாரும் சாதாரணப் பொடியின் அளவுக்கே பதில் தந்தது. ஓட்டுச் சுவரை மெல்லியதாக்கினேன், தடிமனாக்கினேன், பலன் இல்லை. கடைசியில் அளந்து முடித்த பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி எஸ்இஎம்மில் வைத்தேன். உருண்டை ஒன்றுகூட முழுதாக இல்லை. முட்டை ஓட்டை மிதித்த மாதிரி வளைந்த சில்லுகள், ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியபடி. பேஸ்ட் நைசாக வரட்டும் என்று அகேட் கல்வத்தில் பத்து நிமிடம் அரைத்தது நானேதான். அதன் பிறகு கல்வத்தையே தொடுவதில்லை. டெர்பினியோல் என்ற கரைப்பானில் பொடியைத் தூவி, பிளாஸ்டிக் கரண்டியால் மெதுவாகப் புரட்டுவேன். கட்டி உடையவில்லை என்றால் குளியல் வகை சோனிக்கேட்டரில் (ஒலி அதிர்வுக் கருவி) ஒரு நிமிடம். ஊசி வகை வேண்டவே வேண்டாம், அது ஓட்டைப் பொடிப்பொடியாக்கிவிடும். அளந்து முடித்த பூச்சின் படத்தையும் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

உருண்டை முழுதாகத்தான் இருக்கிறது, அப்படியும் பதில் இல்லையா? இப்போது துளை. 50 நானோமீட்டர் தடிமனுள்ள ஓடு 8, 10 நானோமீட்டர் துகள்களால், இடையே சந்து விட்டுக் கட்டப்பட்டிருந்தால் நன்றாக வேலை செய்யும். அதே 50 நானோமீட்டர் சந்தே இல்லாமல் இறுகியிருந்தால், உள்ளே உள்ள வெற்றிடம் அலங்காரம்தான். வாயு அங்கே போகாது, உள்சுவர் வேலையே செய்யாது. டிஇஎம் படம் இரண்டையும் ஒரே மாதிரி "வெற்று" என்றே காட்டும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) வரைபட உச்சியின் அகலத்திலிருந்து ஷெரர் முறையில் துகளின் அளவைக் கணக்கிட்டு, ஓட்டின் தடிமனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கினால் ஓடு இறுகிவிட்டது. பரப்பளவை அளக்கும் நைட்ரஜன் உறிஞ்சல் சோதனையும் உதவும்: மூடிய வெற்றிடத்தை நைட்ரஜனும் பார்க்காது, எனவே பரப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும். இறுகிய ஓட்டுக்கு மருந்து, சுடும் வெப்பநிலையை 50 டிகிரி குறைப்பது, அல்லது உச்சச் சூட்டில் வைக்கும் நேரத்தைக் குறைப்பது.

குளோரைடு இன்னொரு கள்வன். டின் குளோரைடில் தொடங்கிய பொடியைச் சரியாகக் கழுவாவிட்டால் குளோரின் மேற்பரப்பில் தங்கி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கழுவிய நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும்.

கோபால்ட் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு வைத்திருப்பவர்கள் இங்கே வருத்தப்படவே வேண்டாம். அவை பி-வகை: மின்னோட்டத்தைச் சுமப்பது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். மின்னோட்டம் ஓட்டின் மேற்பரப்பு அடுக்கிலேயே இணையாக ஓடுவதால், அதே வடிவமுள்ள என்-வகை ஆக்சைடு 100 மடங்கு பதில் தரும் இடத்தில் பி-வகை தருவது ஏறத்தாழ அதன் வர்க்கமூலம், அதாவது 10 மடங்கு. உங்களுக்கு 6 மடங்கு வந்தால் அது மோசமான எண் இல்லை.

வினையூக்கியாகப் பல்லேடியம், பிளாட்டினம் சேர்த்தால் பதில் கூடும் என்று நினைத்து அள்ளிக் கொட்டினால் குறையும். எடையில் 1 சதவீதமோ அதற்குக் கீழோ தொடங்குங்கள். அதிகமானால் வாயு வெளியிலேயே எரிந்துபோகும்.

கடைசியாக, சிரிஞ்சில் திரவத்தை விட்டு ஆவியாக்குகிறவர்கள் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.45 லிட்டர். 20 லிட்டர் அறையில் 100 பிபிஎம் எத்தனாலுக்கு வேண்டியது ஏறத்தாழ 4.8 மைக்ரோலிட்டர். ஊசி முனையில் தொங்கி நிற்கும் சொட்டே ஒரு மைக்ரோலிட்டர் இருக்கலாம். ஆவியாக்கும் தட்டு குளிர்ந்திருந்தால் திரவம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மின்விசிறி இல்லாவிட்டால் மூலைக்கு மூலை அளவு வேறு.

எதிர்த் திசையில் போகிறது

நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் இரண்டும் எலக்ட்ரானைப் பிடுங்குகிற வாயுக்கள். என்-வகையில் அவற்றுக்கு மின்தடை ஏறத்தான் செய்யும், பதைக்க வேண்டாம். நைட்ரிக் ஆக்சைடு சிலிண்டரைக் காற்றோடு கலந்தால் அதில் ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். ஒடுக்கும் வாயுவுக்கு ஏறுகிறதென்றால், பொருள் பி-வகையா என்று பாருங்கள். இரண்டு ஆக்சைடு கலந்த ஓட்டில் எது தொடர்ச்சியாக இணைந்திருக்கிறதோ அதன் குணம்தான் வெளியே தெரியும். நிக்கல் ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தபோது சரியாக இருந்து, அதிகம் சேர்த்ததும் திசை திரும்பினால் காரணம் இதுதான்.

ஈரக் காற்றில் பதில் பாதியாகிறது

இதை முழுக்க ஒழிக்க முடியாது, அடக்கலாம். நீராவி மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகிறது. எலக்ட்ரானைத் திருப்பித் தந்து அடிக்கோட்டைக் கீழே இழுக்கிறது, வாயு உட்கார வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. வெப்பநிலையை ஏற்றினால் கொஞ்சம் விலகும். ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் இன்னொரு ஆக்சைடை மேலே சேர்ப்பது அடுத்த வழி. கொரியா பல்கலைக்கழகத்தில் ஜோங்-ஹுன் லீயின் குழு இண்டியம் ஆக்சைடு வெற்றுருண்டைகள் மேல் சீரியம் ஆக்சைடு நுண்கொத்துகளைப் பூசி, அசிட்டோனுக்கு ஈரத்தைச் சாராத பதிலை 2016இல் காட்டியது. அதற்குப் பதிலின் அளவில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஈரத்தில் நிலையாக நிற்கும் 10, காய்ந்த காற்றில் மட்டும் வரும் 100ஐவிட மேல் என்பது என் கட்சி.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று செத்துவிட்டது

சமீபத்தில் எதையாவது ஒட்டினீர்களா? அறையின் கதவில் கசிவு என்று சிலிக்கோன் சீலன்ட் வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அந்தக் கூட்டம்தான். அதிலிருந்து கிளம்பும் சிலாக்சேன் (சிலிக்கான் சேர்மம்) ஆவி சூடான ஓட்டின் மேல் எரிந்து சிலிக்காவாகப் படியும். துளை அடைபடும், வினை நடக்கும் இடங்கள் மூடப்படும். சுட்டாலும் போகாது, ஏனென்றால் சிலிக்காவுக்குச் சூடு ஒன்றும் செய்யாது. சிலிக்கோன் குழாய், வேக்யூம் கிரீஸ், கைக்குப் பூசும் சில கிரீம்கூட இந்தக் கணக்கில் சேரும். அறையில் டெஃப்லான், விட்டான் வளையம், கண்ணாடி, எஃகு மட்டும் போதும்.

கந்தக வாயுவைக் காட்டிய பிறகு செத்தால் கதை வேறு. பல்லேடியமும் பிளாட்டினமும் கந்தகத்துக்கு மயங்கும். அந்த வகை நஞ்சு சூடான காற்றில் சில மணி நேரம் வைத்தால் ஓரளவு தெளியலாம்.

ஒரே பொடி, ஐந்து சென்சார், ஐந்து பதில்

சொட்டு விட்டுப் பூசுகிறீர்கள். சொட்டு காயும்போது பொடி விளிம்புக்கு ஓடி, காப்பிக் கறை மாதிரி வளையமாகிறது. திரையச்சுக்கு மாறுங்கள், முடியாவிட்டால் மெதுவாக ஆவியாகும் கரைப்பானில் விட்டு மூடி வைத்துக் காயவிடுங்கள்.

சரி, பொடியேதான் பிழை

குளுக்கோஸிலிருந்து 180 டிகிரியில் வளர்த்த கார்பன் உருண்டையை வார்ப்பாக (அச்சாக) வைத்து, அதில் உலோக உப்பை ஊறவிட்டுச் சுடும் முறையையே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானோர் தொடங்குவது அங்கேதான்.

உருண்டைக்குப் பதில் சப்பிய பலூன் வந்தால், ஓடு தாங்கும் முன்பே கார்பன் எரிந்துவிட்டது. கார்பன் எரிவது வெப்பம் உமிழும் வினை; உலையின் திரை 400 காட்டும்போது பொடிக்குள் சூடு அதைவிட மேலே போயிருக்கும், புகையும் ஒரே மூச்சில் வெளியேறும். நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி, மேலே போகாதீர்கள். உலைப் படகில் (உலைக்குள் வைக்கும் பீங்கான் தட்டு) பொடியைக் குவிக்காமல் மெல்லிய படுகையாகப் பரப்புங்கள். எல்லா உருண்டையும் வார்ப்பைவிடக் கணிசமாகச் சுருங்கியே வரும். அது கோளாறு இல்லை, வார்ப்பைப் பெரிதாக வளர்த்து ஈடுகட்டலாம். சப்பலோடு ஓடு மிக மெல்லியதாகவும் இருந்தால் உப்பு போதவில்லை. ஊறும் நேரத்தை ஒரு நாளாக்குங்கள்.

உருண்டைகளுக்கு நடுவே திடமான கட்டிகளும் கலந்து வந்தால், உப்பு கார்பன் மேல் போய் ஒட்டாமல் கரைசலிலேயே தனியாகப் படிந்திருக்கிறது. டின் குளோரைடு நீரில் சட்டென்று நீராற்பகுப்பு அடையும் (நீரோடு வினைபுரிந்து படியும்) என்பதால் அதில் இது சகஜம். எத்தனாலில் கரையுங்கள், ஊறிய பிறகு மேலோட்டமான உப்பு போக ஒருமுறை கழுவுங்கள்.

உள்ளே இன்னொரு உருண்டை இருந்தால்? உப்பு கார்பனுக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. இதையே வேண்டுமென்று செய்து, கூட்டுக்குள் கூடாகப் பல ஓடு எடுக்கிறவர்களும் உண்டு, அதனால் கொட்டிவிடாதீர்கள், அளந்து பாருங்கள். வார்ப்பே இல்லாமல் ஆஸ்ட்வால்ட் முதிர்வில் (நடுவில் உள்ள சிறு துகள்கள் கரைந்து வெளியே படிவது) வெற்றாக்குகிறவர்களுக்கு மட்டும் நடுவில் திடம் என்றால் நேரம் போதவில்லை என்று பொருள். 4, 8, 12, 24 மணி என்று தனித்தனி ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துப் பாருங்கள், எங்கே வெறுமையாகிறது என்று தெரியும்.

சிலிக்கா வார்ப்பு வைத்தவர்கள் அதைக் காரத்தில் கரைக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜிங்க் ஆக்சைடு காரத்திலும் கரையும், அமிலத்திலும் கரையும். வார்ப்போடு ஓடும் சேர்ந்து போய்விடும். அதற்குக் கார்பனோ பாலிஸ்டைரீனோதான் வார்ப்பு. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்று யாராவது யோசனை சொன்னால், அது தோல் வழியே எலும்பு வரை போகிற அமிலம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் முழுக்க எரிந்ததா என்பதை நிறமே சொல்லும். டின் ஆக்சைடு வெள்ளை, இண்டியம் ஆக்சைடு வெளிர் மஞ்சள், டங்ஸ்டன் ஆக்சைடு மஞ்சள். சாம்பல் சாயல் இருந்தால் உள்ளே கரி மிச்சம். ஜிங்க் ஆக்சைடை உலையிலிருந்து சூடாக எடுக்கும்போது மஞ்சளாக இருக்கும், பயந்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் வெள்ளையாகிவிடும். கோபால்ட் ஆக்சைடு தானே கறுப்பு என்பதால் கண் உதவாது. அதை வெப்ப எடை அளவியில் காற்றில் ஓட்டி, 300 முதல் 500 டிகிரிக்குள் எடை இன்னும் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் உலையின் மூடியைச் சற்றுத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, அதே சூட்டில் இன்னும் இரண்டு மணி நேரம்.